பெண் பார்த்த மத்தியானமும் உளவியல் கட்டுரையும்

பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டி என்றால் முதல் பரிசு எனக்குத்தான். மழையைப் பற்றி எழுதச் சொன்னாலும் சரி, சிக்கனத்தைப் பற்றி எழுதச் சொன்னாலும் சரி, முதல் பத்தியில் கதிரவனை உதிக்க வைத்துவிடுவேன். இரண்டாவது பத்தியில் குயில் கூவும். அதற்குப் பிறகுதான் விஷயத்துக்கே வருவேன். வந்ததும் ‘எனவே’ என்று போட்டு முடித்துவிடுவேன். அப்படி வாங்கிய எவர்சில்வர் டம்ளர்களை அம்மா வீட்டில் ஒரு தட்டில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். யார் வந்தாலும் அதில்தான் மோர் கொடுப்பாள். குடித்து முடிப்பதற்குள் பரிசு வாங்கிய கதை முழுவதையும் சொல்லிவிடுவாள்.

அந்தத் தைரியத்தில்தான் காரைக்குடியில் கல்லூரியில் சேரப் போனேன். அறுபதுகளின் கடைசி. பி.ஏ.வைத் தமிழிலேயே படிக்கலாம் என்று வந்திருந்த புதிது. எனக்குத் தமிழ் இலக்கியம் படிக்க ஆசை. அதில் இடம் முடிந்துவிட்டது. விண்ணப்பத்தை வாங்கிய குமாஸ்தா, “உளவியல்ல இடம் இருக்கு, போடட்டுமா?” என்றார்.

“அது என்ன படிப்புங்க?” என்று அப்பா கேட்டார்.

“மனுசன் மனசைப் பத்தின படிப்பு.”

அப்பாவுக்கு விவசாயம். மழை வருமா வராதா என்பதைத் தவிர வேறெதையும் அதிகமாக யோசித்துக் குழம்பமாட்டார். “மனசுதானே, எல்லார்ட்டயும் இருக்குறதுதான். போடுங்க” என்றார். என் பட்டப்படிப்பு அவ்வளவு எளிதாக முடிவாயிற்று.

நான் பள்ளத்தூர்க்காரி என்றதும் கல்லூரியில் எல்லாரும் “பெரிய வீடா?” என்று கேட்டார்கள். எங்கள் வீடு செட்டியார்களின் அந்தப் பெரிய வீடுகளின் பின்சுவரையும் தாண்டி, வயலைப் பார்த்த தெருவில் இருந்தது. தினமும் காலையில் பஸ்ஸில் காரைக்குடி போய்ச் சாயங்காலம் திரும்புவேன். நான் என்ன படிக்கிறேன் என்பதை உறவுக்காரர்களுக்கு விளக்குவதுதான் பெரும்பாடு. கண்டரமாணிக்கத்தில் இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, கேட்டவுடன் முகத்தைச் சுளித்தாள்.

“உளவியலா? உளவு பாக்குற படிப்பா? பொம்பளப் புள்ளைக்கு எதுக்குத் தம்பி போலீசு வேலை?”

“போலீசு இல்லத்தை. மனசு.”

“மனச உளவு பாக்குறதா? அது அதவிட மோசம்ல.”

எங்களுக்கு வகுப்பெடுத்த விரிவுரையாளர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். எம்.ஏ. முடித்த சூட்டோடு வேலைக்கு வந்தவர். எங்களைவிட நாலைந்து வயது கூடுதலாக இருந்தால் அதிகம். ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழில் நடத்த வேண்டியிருந்ததால், நடுவில் சொல் கிடைக்காமல் சாக்பீசைப் பிடித்தபடி நின்றுவிடுவார். “இதுக்குத் தமிழ்ல என்னங்க சொல்றது?” என்று எங்களையே கேட்பார். நூலகத்தில் இருந்த ஒரு புத்தகத்தில் ‘மனவெழுச்சி’ என்று போட்டிருக்கும். இன்னொன்றில் ‘உள்ளக் கிளர்ச்சி’ என்றிருக்கும். இரண்டும் ஒன்றுதான் என்று எங்களுக்குத் தெரியவே பல வாரங்கள் ஆயின. அதுவரை மனிதனுக்கு முதலில் எழுச்சி வந்து, அது முற்றினால் கிளர்ச்சியாகும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

முதல் கட்டுரைக்குத் தலைப்பு ‘கவனம்’. எனக்குக் கை துறுதுறுத்தது. இவருக்கு நம்முடைய தமிழைக் காட்டிவிட வேண்டியதுதான் என்று உட்கார்ந்தேன். ‘கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டிப் பூமகளைத் தழுவும் வைகறைப் பொழுதில், வண்டினம் மலரை நாடுவதுபோல மனித உள்ளம் பொருளை நாடுகிறது’ என்று தொடங்கி, பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினேன். வீட்டில் வாசித்துக் காட்டியபோது அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒன்றும் புரியவில்லை என்றாலும் நன்றாக இருக்கிறது என்றாள்.

கட்டுரை திரும்பி வந்தபோது ஓரமெல்லாம் சிவப்பு மை. கதிரவனுக்கு எதிரே ‘இவர் எதற்கு?’ என்று இருந்தது. ‘மனித மனம் ஓர் ஆழ்கடல்’ என்ற வரிக்கு எதிரே ‘எவ்வளவு ஆழம்?’ என்று கேட்டிருந்தார். ‘இது அனைவரும் அறிந்ததே’ என்பதற்கு, ‘எனக்குத் தெரியாதே’. மற்ற இடமெல்லாம் ஒரே கேள்விதான், ‘உங்களுக்கு எப்படித் தெரியும்?’

ஒரே ஒரு வாக்கியம் மட்டும் தப்பியிருந்தது. எங்கள் பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டிருக்கும்போது, இறங்க வேண்டியவர்கள் எவ்வளவு கத்தினாலும் அவர் காதில் விழுவதில்லை, டிரைவர் லேசாகச் செருமினால் மட்டும் உடனே திரும்பிவிடுகிறார் என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். அதன் கீழே கோடு போட்டு, ‘இது உங்களுடையது. இதிலிருந்து தொடங்கியிருக்கலாம்’ என்று எழுதியிருந்தார். மார்க்கை இங்கே சொல்லப்போவதில்லை.

தண்ணீர்க் குழாயடியில் போய் நின்று முகத்தைக் கழுவினேன். கழுவக் கழுவக் கண்ணீர் வந்தது. என் பக்கத்து இடத்துக்காரி பின்னாலேயே வந்தாள். காரைக்குடியில் ஜவுளிக்கடை வைத்திருந்த ராவுத்தர் வீட்டுப் பெண். அண்ணன் பினாங்கில் வேலை பார்த்தார். வகுப்பில் அவள் வாயைத் திறப்பதே அபூர்வம். எழுதுவதும் அப்படித்தான். தன் தாளை என்னிடம் நீட்டினாள். ‘கவனம் என்பது ஒன்றில் மனத்தை வைப்பது. அது அவசியம். அது இல்லாவிட்டால் கஷ்டம்.’ அவ்வளவுதான் கட்டுரை. ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ‘அப்புறம்?’, ‘அப்புறம்?’, ‘அப்புறம்?’ என்று சிவப்பு மையில் கேட்டிருந்தார். கீழே என்னுடைய அதே மார்க்.

“நீ கையொடிய எழுதி வாங்குனத நான் மூணு வரில வாங்கிட்டேன், பாத்தியா?” என்றாள். அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

அன்றைக்கே ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். நான் எழுதுவதை அவள் வெட்டுவாள். அவள் எழுதுவதைப் படித்துவிட்டு நான் “அப்புறம்?” கேட்பேன். கல்லூரி விட்டதும், பஸ் வரும் வரைக்கும், அவள் அத்தாவின் கடையில் துணி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொள்வோம். ஜவுளிக்கடைக்காரர் மகள் அல்லவா, வெட்டுவதற்குக் கை தயங்கவே தயங்காது.

“இந்தக் குயிலு இங்க என்ன பண்ணுது?”

“அழகுக்கு.”

“வெரட்டு அத.”

வெட்டி முடித்தால் இரண்டு பக்கக் கட்டுரையில் நாலு வரி மிஞ்சும். அந்த நாலு வரியும் புத்தகத்தில் இருந்ததாக இருக்கும். கதிரவனையும் குயிலையும் கழித்துவிட்டால் எனக்கென்று சொல்ல ஒன்றுமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. இத்தனை டம்ளர்கள் வாங்கியது எதற்காக என்று ஒரு நாள் பஸ்ஸில் வரும்போது யோசித்துப் பார்த்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். கண்டரமாணிக்கத்து அத்தை கொண்டுவந்த சம்பந்தம். மாப்பிள்ளைக்குச் சிவகங்கையில் சர்க்கார் வேலை. அவர், அவருடைய அம்மா, ஒரு சித்தப்பா, மூன்று பேர் வந்தார்கள். அத்தை முதல் நாளே வந்து வீட்டைத் தலைகீழாக்கிவிட்டாள். அம்மா வெள்ளைப் பணியாரம் சுட்டாள். நான் தட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, பாயின் ஓரத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். பேச்சு காதில் விழுந்தும் விழாமலும் இருந்தது. அதற்கு நடுவில் ஒரு வாக்கியம் மட்டும் தெளிவாகக் கேட்டது.

“படிச்சது போதும். இனிமே குடும்பத்தப் பாக்கட்டும்.”

மாப்பிள்ளையின் அம்மா சொன்ன வார்த்தை. ‘சொல்லியனுப்புகிறோம்’ என்று அவர்கள் கிளம்பிப் போனார்கள். அதற்கப்புறம் சோறு இறங்கவில்லை. கட்டுரை எழுத வரவில்லை என்று அதுவரை அழுதுகொண்டிருந்தவள், கட்டுரை எழுதவே வேண்டியிருக்காது என்றானதும் அதைவிட அதிகமாக அழுதேன். வீட்டில் யாரும் என்னவென்று கேட்கவில்லை. பெண் பார்த்த வீட்டில் பெண் அழுவது வழக்கம்தான் என்று நினைத்திருப்பார்கள்.

அந்த வாரமே விரிவுரையாளர் அடுத்த கட்டுரையைக் கொடுத்தார். தலைப்பு ‘நினைவும் மறதியும்’.

“புத்தகத்தைப் பார்த்து எழுத வேண்டாமுங்க. உங்க வீட்டுல நடந்த ஏதாவது ஒரு விஷயத்தை எடுத்துக்கோங்க. அதைப் பார்த்தவங்களைத் தனித்தனியா கேளுங்க. சொல்றதை அப்படியே எழுதுங்க. யாரு சொல்றது சரின்னு நீங்களா முடிவு கட்டாதீங்க” என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, “கதிரவன் லீவு எடுத்துக்கட்டும்” என்றார். வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்ததுதான் ஆச்சரியம்.

எங்கள் வீட்டில் சமீபத்தில் நடந்த விஷயம் ஒன்றே ஒன்றுதான். அன்று சாயங்காலமே ஆரம்பித்தேன். அம்மா சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, அன்னைக்கி நான் என்ன சேலை கட்டியிருந்தேன்?”

“மாம்பழக் கலரு. எதுக்குக் கேக்குற?”

“படிப்புக்கு.”

வயலிலிருந்து வந்த அப்பாவிடம் அதையே கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “சேலை கட்டியிருந்த” என்றார். அதற்கு மேல் அவரிடமிருந்து எதுவும் பெயரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதில் வந்ததா என்று விசாரிக்க வந்த அத்தை, “அரக்குக் கலருடி. பொட்டியிலருந்து நாந்தானே எடுத்துக் குடுத்தேன்” என்று அடித்துச் சொன்னாள். சேலை உள்ளே கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. பச்சைச் சேலை.

எனக்குப் பயங்கர உற்சாகம் வந்துவிட்டது. வந்தவர்கள் காபி குடித்தார்களா, மோர் குடித்தார்களா? சித்தப்பாவுக்கு மீசை இருந்ததா? முதலில் யார் எழுந்தது? எதற்கும் இரண்டு பேர் ஒரே பதில் சொல்லவில்லை. அத்தை, “நான் அப்பவே சொன்னேன்ல தம்பி, இது போலீசுப் படிப்புதான்” என்றாள். பதில் சொல்லுவதில் அவளுக்கும் குஷியாகத்தான் இருந்தது.

என்னை உறுத்திக்கொண்டிருந்த கேள்வியைக் கடைசியில் கேட்டேன்.

“அத்தை, மாப்பிள்ளையோட அம்மா, படிச்சது போதும்னு எப்பச் சொன்னாக? பணியாரம் வச்சதுக்கு முன்னாலயா, அப்புறமா?”

அத்தை விழித்தாள். “அவுக எங்க சொன்னாக? நாந்தான் அடுப்படியில ஒங்கம்மாகிட்டச் சொன்னேன். படிச்சது போதும், இனிமே குடும்பத்தப் பாக்கட்டும்னு.”

“ஆமா, சொன்னீக” என்றாள் அம்மா. “பணியாரச் சட்டி அடுப்புல இருந்துச்சு, அதான் நான் பதில் பேசல.”

அந்த அம்மாளின் குரல், அதில் இருந்த அலட்சியம், சொல்லிவிட்டு அவர் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டது, எல்லாம் எனக்கு நினைவிருந்தது. தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தவளுக்குத் தலைப்பை இழுத்துவிட்டது எப்படித் தெரிந்தது? பின்னாலிருந்து அத்தை சொன்னதை எடுத்து, முன்னால் இருந்தவர் வாயில் நானே வைத்திருக்கிறேன். அதற்கு ஏற்ற முகபாவத்தையும் நானே போட்டுக்கொடுத்திருக்கிறேன். ‘உங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்ற சிவப்பு மைக் கேள்வி என்ன கேட்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. முகம் தெரியாமல் ஒரு வாரமாக ஒரு அம்மாளை நான் வெறுத்துக்கொண்டிருந்தேன்.

“அவுக படிப்பு முடியட்டும்னுல சொன்னாக?” என்றார் அப்பா.

“யாரு சொன்னா? மழையப் பத்தியும் பணியாரத்தப் பத்தியும்தான் பேசிக்கிட்டு இருந்தீக” என்றாள் அம்மா.

“அப்ப அவுக என்னதான் சொன்னாக?” என்று கேட்டேன்.

யாருக்கும் தெரியவில்லை. நாலு பேர் உட்கார்ந்து ஒரு கல்யாணத்தைப் பேசியிருக்கிறோம், பெண் படிக்கலாமா கூடாதா என்பதில் மட்டும் ஆளுக்கொரு பதில். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “நேர்ல போயிக் கேட்டுட்டு வந்துர்றேன்.”

“பொண்ணு வீட்டுக்காரன் வலியப் போயி நிக்கிறதா?” என்று அத்தை பதறினாள்.

“கல்யாணமாகிப் போயி நம்ம புள்ள நிக்கிறதுக்கு, இப்ப நான் நின்னாத் தேவலை” என்றார் அப்பா. மறுநாள் காலை பஸ்ஸில் சிவகங்கைக்குப் போய்விட்டு, சாயங்காலம் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு திரும்பினார். நாங்கள் மூன்று பேரும் வாசலிலேயே பிடித்துக்கொண்டோம்.

“அந்த அம்மா என்ன சொல்லுது தெரியுமா? ‘நீங்கதானே படிப்ப நிறுத்திருவோம்னு சொன்னீக, அதான் நாங்க ஒண்ணும் கேக்கல’ங்குது.”

“யாரு சொன்னதாம்?”

“நாந்தானாம்!” அப்பாவுக்கே சிரிப்பு தாங்கவில்லை. “மாப்பிள்ளை கெட்டிக்காரப் பையன். ‘தங்கச்சிக்கு முடிக்காம எனக்குப் பண்ணிக்க மாட்டேன், இப்ப என்ன அவசரம், படிக்கட்டும்’னுட்டாரு. நீ போயி ஒன் கட்டுரைய எழுதாத்தா.”

எழுதினேன். ‘சேலையின் நிறம் பச்சை’ என்று தொடங்கினேன். பார்த்தவர்களுக்கு அ, ஆ, இ, ஈ என்று எழுத்துகளைப் பெயராக வைத்தேன். அம்மா அ, அப்பா ஆ, அத்தை இ. ஈ என்பது நான். மற்றவர்கள் சொன்னதை எழுதுவது சுலபமாக இருந்தது. ஈ சொன்னதை எழுதும்போதுதான் பேனா நின்று நின்று போனது. என்ன கேட்டது, என்னவென்று நினைத்துக்கொண்டேன், உண்மையில் சொன்னது யார் என்று ஒவ்வொன்றாகப் பிரித்து எழுத வேண்டியிருந்தது. அந்தப் பகுதியில் ஒரு உவமைகூட இல்லை. போட்டால் பொய்யாகிவிடும் போலிருந்தது.

ஜவுளிக்கடையில் உட்கார்ந்து என் தோழி படித்தாள். பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு கடைசிவரை போய்விட்டு, “இதுல வெட்ட ஒண்ணும் இல்லடி” என்றாள். பிறகு தன்னுடையதைத் தயங்கித் தயங்கிக் கொடுத்தாள். அண்ணன் பினாங்குக்குப் போக நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நாளைப் பற்றி எழுதியிருந்தாள். அவர் திரும்பிக் கையாட்டியதாக அவள் அம்மா சொல்கிறார். ஆட்டவே இல்லை என்று அத்தா சொல்கிறார். அதோடு நின்றிருந்தது.

“அப்புறம்? நீ என்ன பாத்த?”

“நான் ஒண்ணும் பாக்கல. முக்காட்ட இழுத்து மூஞ்சில போட்டுக்கிட்டு அழுதுக்கிட்டு இருந்தேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் எறக்கிப் பாத்தா தண்ணிதான் இருந்துச்சு.”

“அத எழுது.”

அவள் எழுத ஆரம்பித்தாள். நான் “அப்புறம்?” கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் எழுதிக்கொண்டே போனாள். தாள் தீர்ந்துபோய், துணிக்கு நடுவே வைக்கிற அட்டையின் பின்பக்கத்தில் எழுதினாள். நான் வழக்கமாகப் போகும் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் போய் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கட்டுரைகள் திரும்பி வந்தபோது, என் கட்டுரையில் ஈயைப் பற்றிய பத்திக்குப் பக்கத்தில், ‘உங்களையும் சாட்சியாக நிறுத்தியிருக்கிறீர்கள். இதுதான் வேண்டும்’ என்று இருந்தது. கடைசிப் பத்தியில் மட்டும் பழைய பழக்கத்தில் ‘எனவே, மனித நினைவு ஒரு கானல்நீரே’ என்று ஒரு வரியை நுழைத்திருந்தேன். அதை ஒரே கோட்டில் அடித்திருந்தார். தோழியின் கட்டுரையில் ஒரு திருத்தமும் இல்லை. கீழே ‘படித்தேன்’ என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அட்டையையும் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டில் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் கட்டுரையைச் சத்தமாக வாசித்தார். “ஆ என்பவர் விவசாயி. சேலையைவிடப் பணியாரத்தில் அதிகக் கவனமாக இருந்தார்.” நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “இது நானா?”

“வேற யாரு?” என்றாள் அம்மா. “நான் எந்த எழுத்து?”

“நீதான் அ.”

“மொத எழுத்தா!” அம்மாவுக்கு டம்ளர் வாங்கியதைவிடச் சந்தோஷம். இந்தச் செய்தி கண்டரமாணிக்கத்துக்கும் போய்ச் சேர்ந்தது. எல்லாரையும்விட மூத்தவளான தனக்கு மூன்றாவது எழுத்தைக் கொடுத்துவிட்டேன் என்று அத்தை கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த மாப்பிள்ளைக்குத் தங்கை கல்யாணம் முடிந்த கையோடு, சொந்தத்திலேயே பெண் அமைந்துவிட்டது. எனக்கு ஒரு நாள் முழுவதும் கொஞ்சம் ரோஷமாகத்தான் இருந்தது. நான் வேண்டாம் என்று சொல்வதற்கு முன் அவர்கள் முந்திக்கொண்டது பிடிக்கவில்லை. அவ்வளவுதான். பத்திரிகை வைத்தார்கள். அப்பாவும் அம்மாவும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து, சாம்பார் ரொம்ப நன்றாக இருந்தது என்றார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். எனக்கு நேரமில்லை. எங்களுக்கு அப்போதுதான் சோதனைக்கூட வகுப்பு தொடங்கியிருந்தது. நானும் என் தோழியும் மாற்றி மாற்றி நிறுத்துகடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு, ஒருத்தி சொற்களை ஒப்பிக்க, ஒருத்தி குறித்துக்கொண்டிருந்தோம்.